முட்டைத் தட்டில் ஒரு சாவி

"மோந்து பாரு" என்றார் பாஸ்.

எதை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் குனிந்தது என் தப்பு. அவர் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்த வேகத்தில், உள்ளே இருந்த வாடை மொத்தமும் என் மூக்குக்குள் குடியேறியது.

"என்ன தெரியுது?"

"பால்" என்றேன், சுவரைப் பிடித்துக்கொண்டு. "அதாவது முன்னொரு காலத்துல பால். கீழ்த்தட்டுல கிடக்கறது கோழியா மீனான்னு சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுத்தான் அடையாளம் காட்டச் சொல்லணும்."

"எவ்வளவு நாளா ஓடாம இருக்கும்?"

"நான் உங்க அசிஸ்டென்ட் பாஸ். டாக்டர் இல்ல."

இதற்கு ஒரு நாள் பழி வாங்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இப்படி முடிவு செய்த பழிகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றும் தீர்ந்தபாடில்லை.

என்னைக் கொசு என்பார்கள். காதருகே ஓயாமல் பேசுகிறேன் என்று பாஸ் வைத்த பெயர். பாஸ் துப்பறிவாளர்; பெண்மணிதான். 'மேடம்' என்றால் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்து எரிச்சலாகிறது என்று அவரே 'பாஸ்' என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். பேச்சில் மகா கருமி. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்; எதிரில் இருப்பவர் அந்த அமைதி தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். பாதி வழக்குகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

"தொடாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குரல் என்று அதைச் சொல்ல முடியாது. மரத்தில் உப்புத்தாளைத் தேய்த்தால் வருமே, அந்தச் சத்தம். "அது சாட்சி."

சமையலறை வாசலில் கழுத்தில் துணி சுற்றிய பெண்மணி நின்றுகொண்டிருந்தார். எங்களை வரவழைத்தவர் அவர்தான். பெரிய துணிக்கடையின் அறிவிப்பாளர். கடைக்குள் நுழைந்த எவரும் அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். 'அன்பான வாடிக்கையாளர்களே' என்று கூரையிலிருந்து வரும். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகள்கூட அந்தக் குரலைக் கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். நானே ஒருமுறை அந்தக் குரலை நம்பி, அளவு பார்க்காமல் ஒரு சட்டை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, குரலுக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால், பழைய குரலைப் பத்திரப்படுத்தி வைக்க அறிவிப்பாளர் ஒரு வழி தேடினார். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவரின் வகுப்பில் தங்கையோடு போய்ச் சேர்ந்தார். மைக் வாங்கினார். படுக்கையறைத் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே மூன்று பக்கமும் போர்வை தொங்கவிட்டு, அதற்குள் நின்று பாடினார். ஒரே ஒரு பாட்டு. தானே எழுதியது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"திரும்பி வந்து பார்த்தா, பாட்டைச் சேமிச்சு வச்சிருந்த ஹார்ட் டிஸ்க் இல்ல" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "லேப்டாப்ல ஒரு வரி இல்ல. எல்லாம் அந்த டிஸ்க்லதான். மறுநாள் போனைத் திறக்கறேன், என் பாட்டு ஓடுது. மாஸ்டர் பேர்ல. லட்சம் பேர் கேட்டிருக்காங்க."

"உங்க குரல்தான், சந்தேகமில்லையே?" என்றார் பாஸ்.

"என் குரல் எனக்குத் தெரியாதா?" அவர் கண்ணில் கர்வமும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "நல்ல நாள்லகூட நான் அவ்வளவு நிறைவாப் பாடினதில்ல. அப்படி இருக்கு."

தங்கை வெந்நீர் டம்ளரோடு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், பேச்சு குறைவு. அக்காவின் தோளில் ஒரு கையை வைத்து, "அதிகம் பேசாதேக்கா. டாக்டர் திட்டுவார்" என்றாள். அந்தக் குரல் சின்னதாக, இதமாக இருந்தது.

"இவ இல்லேன்னா நான் இல்ல" என்றார் அறிவிப்பாளர், தங்கையின் கையைத் தட்டிக்கொடுத்து. "ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் ரத்தம் நிக்கல, மறுபடி உள்ள கொண்டுபோனாங்க. இவளுக்குப் போன் பண்ணியிருக்காங்க. காலுக்குச் செருப்புகூடப் போடாம ஓடி வந்தாளாம். நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வீடு திரும்பற வரைக்கும் என் கட்டிலை விட்டு நகரல."

தங்கை டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர்தான் திருடினார்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் பாஸ்.

அறிவிப்பாளர் ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். முட்டைத் தட்டில் முட்டை இல்லை. ஒரு பித்தளைச் சாவி மட்டும் கிடந்தது.

"இது எங்க வீட்டுச் சாவி இல்ல. நாங்க வந்தப்போ ஃப்ரிட்ஜ் நின்னு கிடந்தது, உள்ள இந்தச் சாவி. ஃப்ரிட்ஜுக்குள்ள சாவி வைக்கிறவன் இந்த ஊர்லயே அவன் ஒருத்தன்தான். போய் அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க, தெரியும். வகுப்பு நேரத்துல எங்க சாவியெல்லாம் அவன்கிட்டதான் இருக்கும். நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பிறகு போனை எடுத்துக் காட்டினார். பாட்டு ஓடும் தளத்துக்கு அனுப்பப் புகார் தயாராக இருந்தது. பாட்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் அதை நீக்க வேண்டும், மாஸ்டரின் பெயரைத் திருடன் என்று பதிய வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மாஸ்டர் புது வகுப்பு தொடங்குகிறார். ஊரே நேரலையில் பார்க்கும். அந்த நிமிடத்தில் புகாரை அனுப்பி, எல்லோருக்கும் முன்னால் அதைப் படிக்க வைப்பதாகத் திட்டம். அவன்தான் வீட்டுக்குள் நுழைந்தான் என்பதற்கு ஆதாரம் மட்டும் பாஸ் தர வேண்டும்.

"அவன் செத்துப்போகணும்னு நான் நினைக்கல" என்று அந்த உப்புத்தாள் குரல் சொன்னது. "நல்லா இருக்கணும். ரொம்ப வருஷம் இருக்கணும். போறவன் வர்றவன் எல்லாம் கையைக் காட்டித் 'திருடன்'னு சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

எனக்கு முதுகு சில்லிட்டது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்துதான் கிடந்தது; ஆனால் ஓடாத ஃப்ரிட்ஜிலிருந்து சில்லிப்பு வராது.

பாஸ் சாவியைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டார்.

மாஸ்டரின் ஸ்டூடியோ என்பது ஒரு மொட்டை மாடி அறை. ஜன்னலில் மெத்தை, கதவில் மெத்தை, சுவரில் மெத்தை. உட்கார மட்டும் மரப்பலகை. காதில் ஹெட்ஃபோனோடு ஏழெட்டுப் பேர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் யார் பாட்டும் கேட்கவில்லை. எல்லோரும் வெவ்வேறு தாளத்தில் ஆட்டியதைப் பார்த்தால் எறும்புப் புற்றில் கால் வைத்தவர்கள் போலிருந்தது.

உள்ளே நுழையும் முன்பே பாஸ் கைக்குட்டையை எடுத்துச் சாவியைக் கதவில் போட்டுப் பார்த்துவிட்டார். பாதிதான் உள்ளே போனது. திரும்பவில்லை.

"பீரோ சாவியா இருக்குமோ?" என்றேன்.

"பீரோ சாவி இவ்வளவு நீளம் இருக்காது. இது வாசக்கதவுச் சாவி."

மாஸ்டர் குட்டையாக, வியர்வையாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் புதிதாகச் சேர வந்தவர்கள் என்று நினைத்து, "குரல் பயிற்சியா, மிக்ஸிங்கா?" என்றார்.

"தண்ணி" என்றேன். "படியேறினதுல நாக்கு வறண்டுபோச்சு."

கேட்டுக்கொண்டே நானே மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. முட்டைத் தட்டு முழுக்கச் சாவிகள். ஸ்கூட்டர் சாவி, கார் சாவி, ரோஜாப்பூ வளையம் போட்ட வீட்டுச் சாவி. தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில்கூட ஒரு சாவி மாலையாகத் தொங்கியது.

"அடைகாக்குறீங்களா மாஸ்டர்?"

அவர் சிரித்தார். "மைக் போட்டா ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் அப்படியே பாட்டுல விழும். 'ம்ம்ம்'னு அடியில கேட்டுக்கிட்டே இருக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது. அதனால பதிவு பண்ணும்போது நிறுத்திடுவோம். பாடின சந்தோஷத்துல திரும்பப் போட மறந்துட்டா பாலும் போச்சு, தயிரும் போச்சு. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. வீட்டுக்குப் போக எந்தச் சாவி வேணுமோ அதை உள்ள வச்சிடணும். சாவி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்பீங்க, இருட்டா இருக்கும், ஞாபகம் வந்து சுவிட்சைப் போடுவீங்க. எங்கிட்டக் கத்துக்கிட்ட எல்லாரும் வீட்லயும் இதைத்தான் பண்றாங்க."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் பாஸைப் பார்த்தேன்.

"அப்படி வச்ச சாவியை யாராவது மறந்துட்டுப் போயிருக்காங்களா?" என்றார் பாஸ்.

"எப்படிங்க போக முடியும்? வண்டி நகராதே! வீடு திறக்காதே!"

பாஸ் அதற்கு மேல் பேசவில்லை. வழக்கமான அமைதி. மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். ஹெட்ஃபோனை எடுத்தார், வைத்தார். பிறகு தானாகவே உடைந்தார்.

"அந்தப் பாட்டு விஷயமா வந்திருக்கீங்க, இல்ல? சத்தியமா நான் திருடலீங்க. மெயில்ல வந்தது. பேர் கிடையாது. 'உங்க பேர்லயே போட்டுக்கோங்க, எனக்கு வேண்டாம்'னு ஒரு வரி. அவ்வளவுதான். தங்கத்தட்டுல வச்சு நீட்டினா யாருங்க வேண்டாம்பா?"

"நான்" என்றேன். "தட்டை மட்டும் எடுத்துப்பேன்."

"குரல் யாரோடதுன்னு தெரியலையா? உங்ககிட்டப் படிச்சவங்கதானே?" என்றார் பாஸ்.

அவர் தலை குனிந்துகொண்டார். "தெரிஞ்சது. கேட்க வாய் வரல. நான் போட்ட பாட்டு ஒண்ணைக்கூட இதுவரைக்கும் நூறு பேர் கேட்டதில்லீங்க." உண்மையைச் சொல்லும்போது ஆள் இன்னும் குட்டையாகிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீடு புகுந்து திருடும் துணிச்சல் அந்த உடம்பில் இல்லை என்பதும் தெரிந்தது.

"பாட்டைப் போடுங்க" என்றார் பாஸ்.

போட்டார். நன்றாக இருந்தது என்று சொல்வது போதாது. யாரோ நம் தலையில் கை வைத்துக் கோதிவிடுவது போலிருந்தது. என்னைப் போன்ற ஆள்கூட ஒரு சரணம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"டபுள் பண்ணினதைக் கவனிச்சீங்களா?" என்றார் மாஸ்டர், தொழில் புத்தி திரும்பி. "ஒரு தடவை பாடிட்டு, அதே பாட்டை அடியில இன்னொரு தடவை பாடி ஒட்டறது. குரல் கனமா, நிறைவா ஆயிடும். கொஞ்சம் பிசகினாலும் ரெண்டு பேர் பாடற மாதிரி காட்டிக் கொடுத்திடும். இதுல பாருங்க, பல்லவியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மயிரிழை பிசகல. வருஷக்கணக்கா அந்தக் குரலோடயே வாழ்ந்திருந்தாத்தான் இப்படி வரும்."

பாஸ் எழுந்துவிட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை. மாஸ்டர் பின்னாலேயே மாடிப்படி வரை வந்து, "ஆறு மணிக்கு வகுப்பு இருக்குங்க, நடத்தலாமா?" என்று கேட்டார். பாஸ் படியிறங்கிக்கொண்டே இருந்தார்.

தெருவில் பாஸ் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

"கொசு, திருட வந்தவன் ஃப்ரிட்ஜை ஏன் நிறுத்தினான்?"

"கரண்ட் பில் மேல அக்கறை."

"கன்னத்துல ஒண்ணு வைக்கவா?"

"பதிவு பண்ண வந்திருக்கான். மாஸ்டர் சொன்னபடி."

"சாவியை எடுக்காமப் போனது ஏன்?"

"வேற வண்டியில போயிருப்பான்."

"எதையும் மறந்துடக்கூடாதுன்னுதான் சாவியை அங்க வைக்கிறது. அந்தச் சாவியையே மறந்துட்டு ஓடியிருக்காங்க. அதைவிடப் பெரிசா ஒண்ணு வந்திருக்கணும். நீ எதுக்காக உன் வீட்டுச் சாவியை விட்டுட்டு ஓடுவ?"

"உங்ககிட்டேயிருந்து போன் வந்தா. பயத்துல."

பாஸ் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரேக் பிடித்து எங்கள் இருவரின் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

"போன்" என்றார் பாஸ். "அந்த வீட்ல யாருக்கு, எப்போ போன் வந்தது?"

நான் வாயைத் திறந்தேன். செருப்பில்லாத இரண்டு கால்கள் என் கண்முன் ஓடின. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

நாங்கள் திரும்பியபோது ஆறாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அறிவிப்பாளர் உடை மாற்றி, தலை வாரி, போனை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போல முகம் பளபளத்தது. பழி வாங்கப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு களை வரும், நான் பார்த்திருக்கிறேன். தங்கை ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி பொருந்திச்சா?"

"இல்ல" என்றார் பாஸ். "ஒரே ஒரு கேள்வி. உங்க பாட்டை நீங்க டபுள் பண்ணினீங்களா?"

"அந்தப் பித்தலாட்டமெல்லாம் எனக்கு எதுக்கு?" அறிவிப்பாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு குரல், ஒரு தடவை. குறை இருக்கறவங்கதான் அடியில முட்டுக் கொடுப்பாங்க."

"பாட்டுல அடியில இன்னொரு குரல் இருக்கு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அதனாலதான் உங்களுக்கே நிறைவா இருக்கு."

 அறிவிப்பாளரின் கண் வேகமாக எதையோ தேடியது.

பாஸ் பித்தளைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்த அன்னிக்கு ஒருத்தர் ஃப்ரிட்ஜை நிறுத்தி, சாவியை உள்ள வச்சு, அந்த அலமாரிக்குள்ள போய்ப் பாடியிருக்காங்க. பாடி முடிக்கிற நேரத்துல ஒரு போன். உங்களுக்கு ரத்தம் நிக்கலன்னு. சாவி, ஃப்ரிட்ஜ், செருப்பு, எதுவும் ஞாபகமில்லாம ஓடியிருக்காங்க. அதுக்கப்புறம் உங்க கட்டிலை விட்டு நகரவே முடியல. வீட்டுக்கு வந்ததும் அவங்க எடுக்கறதுக்கு முன்னால நீங்க ஃப்ரிட்ஜைத் திறந்துட்டீங்க."

மடித்த துணி கலையாமல், அதை அடுக்கில் வைத்துவிட்டுத் தங்கை திரும்பினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் அழுகையின் சாயலே இல்லை.

"அந்த டிஸ்க்ல என் பாட்டும் இருந்தது, தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பாஸிடம். "சொல்லியிருக்க மாட்டாளே. மாசக்கணக்காப் பாடினது. கடையில நாள் பூரா லென்ஸ் தேய்ச்சிட்டு வந்து, இவ தூங்கினப்புறம், அந்த அலமாரிக்குள்ள வேர்த்து ஊத்தப் பாடினது. இவ பாடும்போது நான் இருமக்கூடக் கூடாது. ஃபேன் கூடாது, குழாய் கூடாது, சமைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை நிறுத்தறதும் நான், போடறதும் நான். அதெல்லாம் எனக்கு வருத்தமில்ல. ஒரு நாள் வந்து பார்க்கறேன், என் பாட்டு ஒண்ணுகூட இல்ல. அழிச்சிட்டா. ஏன்க்கான்னு கேட்டேன்." இப்போதுதான் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொன்னே? சொல்லு, இவங்களும் கேட்கட்டும்."

அறிவிப்பாளரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"நானே சொல்றேன். 'இடம் பத்தல. உன் குரல் எங்கயும் போகப் போறதில்ல, திரும்பப் பாடிக்கோ'ன்னே. பழைய செய்தித்தாளைக் கடையில போட்ட மாதிரி சொன்னே."

"எனக்கு... ஆபரேஷன்..." என்றது உப்புத்தாள்.

"அதனாலதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்து, பையைக் கட்டினேன். தனியா ஒரு ரூம் பார்த்திருந்தேன். இது அந்த ரூம் சாவி. உன் பாட்டுக்கு அடியில என் குரலை ஒட்டிட்டு, டிஸ்க்கை மேஜையில வச்சிட்டுப் போயிடணும்னு இருந்தேன். நீ கேட்கும்போதெல்லாம் உள்ள நான் இருக்கணும். அவ்வளவுதான் என் திட்டம். அதுக்குள்ள போன். லேப்டாப்பும் டிஸ்க்கும் தோள்பையில இருந்தது, அதோட ஓடினேன். உனக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு அந்த வராந்தாவுல நான் கும்பிடாத சாமி இல்ல."

அவள் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. பிறகு கெட்டியானது.

"நீ கண்ணைத் திறந்தே. நான் உன் கையைப் பிடிச்சிட்டு நிக்கறேன். நீ என்னைப் பார்த்து முதல்ல என்ன பண்ணினே தெரியுமா? விரலால ஒரு சதுரம் போட்டுக் காட்டினே. டிஸ்க் எங்கேன்னு. அதான் முதல் கேள்வி. அன்னிக்கு உன் கட்டில் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்து ரெண்டு குரலையும் சேர்த்து ஒட்டினேன். மாஸ்டருக்கு அனுப்பினேன். என் பேரை நீ அழிச்சே. உன் பேரை நான் அழிச்சேன்."

 அக்காவின் கண்ணில் நீர் கோத்திருந்தது. எழுந்து தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டிஸ்க் எங்க?"

பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு குற்றவாளிக்காகவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வெகுநாள் பாரம் ஒன்று இறங்கியது தெரிந்தது. தோள்பையிலிருந்து கறுப்பாக, சோப்புக்கட்டி அளவில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இந்தா. காலியா இருக்கு. உன் குரல் தனியா எங்கயும் இல்ல. நான் இருக்கற அந்தப் பாட்டுல மட்டும்தான் இருக்கு."

"ஏன்?" என்றது உப்புத்தாள்.

"இடம் பத்தலக்கா."

மடியில் இருந்த போன் ஒலித்தது. ஆறு மணிக்கு வைத்திருந்த மணி. அறிவிப்பாளர் அதை எடுத்தார். புகார் அப்படியே திறந்திருந்தது. அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கட்டத்தில் விரல் வைத்து உறுதி சொல்ல வேண்டும். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்ததால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. 'இப்பாடலில் ஒலிக்கும் குரல் முழுவதும் என்னுடையதே.'

விரல் அந்தக் கட்டத்தின்மேல் வந்து நின்றது. மொட்டை மாடியில் மாஸ்டர் இந்நேரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கியிருப்பார். போன் திரை மங்கியது. பிறகு அணைந்தது. அவர் அதைத் திரும்ப எழுப்பவில்லை.

தங்கை மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். கட்டிலடியில் கட்டியபடியே இருந்த பையை இழுத்துத் தோளில் போட்டாள். வாசலுக்குப் போனவள், ஏதோ நினைவு வந்து சமையலறைக்குத் திரும்பினாள். கெட்டுப்போனதையெல்லாம் ஒரு பையில் வாரிக் கட்டினாள். தட்டுகளைத் துணியால் துடைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. பிறகு கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டாள்.

ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு, 'ம்ம்ம்' என்று ஓடத் தொடங்கியது.

குப்பைப் பையை ஒரு கையிலும் சாவியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் எங்களைக் கடந்து போனாள். செருப்பை நிதானமாக மாட்டினாள். கதவைத் திறந்தாள். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறிவிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழுத்து நரம்பு புடைக்க, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தங்கையைக் கூப்பிட்டார். நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.